பன்றி பில்லட்டை வறுப்பதும் ரோஸ்ட் செய்வதும்: மலையக அடுப்படிக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி என்றால் கறிதான். கொறக்காப் புளியும் மிளகும் வறுத்த தூளும் போட்டு, கொழுப்பு உருகி மேலே மிதக்கும் வரை அடுப்பிலேயே கிடக்கும். தோலும் கொழுப்பும் எலும்புமாக வரும் துண்டுக்கு அதுதான் சரியான வழி. நான் செய்த தப்பு, அதே வழியில் பில்லட்டைச் சமைத்தது. சில வருடங்களுக்கு முன் நத்தாருக்கு ஹட்டன் டவுனில் அரைக் கிலோ பில்லட் கிடைத்தது. கொழுப்பே இல்லாத சுத்தமான சதை. கறிக்குக் கொடுக்கும் விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கி வந்து, குக்கரில் போட்டு நான்கு விசில் விட்டேன். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "என்ன தம்பி இது, கயிறு மாதிரி இருக்கு?" என்றார்.

கயிறுதான். தப்பு இறைச்சியில் இல்லை, அந்த நான்கு விசிலில். அதற்குப் பிறகு பல தடவை கெடுத்தும் சில தடவை நன்றாக வந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பில்லட் என்பது எது?

பன்றியின் முதுகெலும்புக்கு உள்பக்கம், இடுப்பை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளமான தசைகள் இருக்கும். ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை வால் போல ஒடுங்கியும் இருக்கும். ஒன்று 350 முதல் 600 கிராம் வரை வரும். காலும் தோளும் போல அன்றாடம் பாரம் சுமக்கிற தசை அல்ல இது. அதனால் இதில் கொழுப்பும் குறைவு, சதையைக் கட்டி வைக்கும் கொலாஜன் என்ற நாரும் குறைவு.

கறித்துண்டு ஏன் மணிக்கணக்கில் வேகவேண்டும்? அதிலுள்ள கொலாஜன் மெதுவாகக் கரைந்து கூழாக மாறுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். அந்தக் கூழும் உருகிய கொழுப்பும்தான் கறியைப் பஞ்சு போல ஆக்குகின்றன. பில்லட்டில் கரைவதற்கு எதுவுமே இல்லை. கூடுதலாக வேகவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் சதை சுருங்கி, உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். அவ்வளவுதான் நடக்கும்.

பில்லட் என்று கேட்டால் சில கடைகளில் லொயின் என்ற துண்டைத் தருவார்கள். அது முதுகெலும்புக்கு வெளிப்பக்கம் இருப்பது. அகலமானது, ஒரு ஓரத்தில் கொழுப்புப் பட்டை ஓடும். நல்ல இறைச்சிதான், ஆனால் இங்கே சொல்லும் நேரங்கள் அதற்குப் பொருந்தாது. கை மணிக்கட்டு தடிப்பில் நீளமாக இருந்தால்தான் பில்லட்.

வாங்கும்போது

இலங்கையில் பன்றிப் பண்ணைகள் அதிகம் இருப்பது புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, கம்பஹா என்று மேற்குக் கரையோரம். மலைக்கு வரும் இறைச்சியில் பெரும்பகுதி கீழிருந்து ஏறி வருவதுதான். வழியில் எத்தனை மணி நேரம் பயணப்பட்டது, குளிரில் வந்ததா என்பதை நிறமும் மணமும் சொல்லிவிடும். சிவப்பு கலந்த ரோஸ் நிறத்தில், அழுத்தினால் திரும்ப எழும்பும் இறைச்சியை எடுங்கள். வெளிறிப்போய், தொளதொளவென்று, தட்டில் தண்ணீர் விட்டுக் கிடப்பதை வாங்க வேண்டாம். வெட்டுவதற்கு முன் பன்றி பயந்து திமிறினால் சதை அப்படிப் போவதுண்டு. அது எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் வறண்டுதான் வரும்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குச் சனிக்கிழமை வாங்கலாம் என்றிருந்து, அன்று போயாவாகிப் போய் மீன் டின்னோடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. கலண்டரை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சதைக்குள் நெல்மணி அளவில் வெள்ளையாக, நீர் கோத்த பொட்டுகள் தெரிந்தால் அந்த இறைச்சி வேண்டவே வேண்டாம். அது நாடாப்புழுவின் இளம்புழு இருக்கும் கூடு. அவிழ்த்துவிட்டு வளர்த்த பன்றிகளில் அது வர வாய்ப்பு அதிகம். பதிவுள்ள கடையில் வாங்குவது நல்லது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். 2024 கடைசியில் நாட்டின் பண்ணைகளில் பரவிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு விஷயம். அது பன்றிகளைக் கொல்லும், மனிதருக்குத் தொற்றாது. அதற்குப் பயந்து பன்றியையே விட்டவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் பயப்பட வேண்டியது புழுவுக்குத்தான்.

நுவரெலியாக் குளிரை நம்பி இறைச்சியை இரவில் சமையலறை மேடையில் விட்டுவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. "ஊரே பிரிட்ஜ்தானே" என்பார்கள். இல்லை. பிரிட்ஜ் 4 பாகை செல்சியஸ். நுவரெலியா வீட்டுக்குள் 15 பாகை சாதாரணம். உறைந்த பில்லட்டாக இருந்தால் முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள்.

வெள்ளித்தோல்

இதைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். பில்லட்டின் தடித்த பக்கத்தில் பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு ஓடும். அது கொலாஜன் போல வெந்து கரைகிற சாதியில்லை. சூடு பட்டதும் ரப்பர் போல இழுத்துக்கொள்ளும், பில்லட் வில்லாக வளையும், வாயிலும் மாட்டும்.

மெல்லிய, கூர்மையான கத்தி எடுங்கள். சவ்வின் ஒரு முனைக்கு அடியில் கத்தி நுனியை நுழைத்து, விரலால் பிடிக்கும் அளவுக்கு ஒரு நுனியைக் கிளப்புங்கள். அதை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியின் வாயைச் சதைப்பக்கம் சாய்க்காமல் சவ்வுப்பக்கம் லேசாக மேல்நோக்கிச் சாய்த்து நீளவாக்கில் ஓட்டுங்கள். ஒரே இழுப்பில் வராது. விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக எடுத்தால் சதை சேதமாகாது. தளர்வாகத் தொங்கும் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். கழுவ வேண்டிய தேவை இல்லை. கழுவியே தீருவேன் என்றால் கழுவிய பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு சட்டியில் போட்டால் இறைச்சி அவியுமே தவிரச் சிவக்காது.

வால் முனை மெலிவாக இருப்பதால் அது முதலில் வெந்து காய்ந்துவிடும். அதை உள்பக்கம் மடித்து நூலால் கட்டினால் தடிப்பு ஒன்றாகிவிடும். நான் பெரும்பாலும் அதை வெட்டி எடுத்து டெவலுக்கு (கடைசியில் சொல்லும் காரப் பிரட்டலுக்கு) வைத்துக்கொள்வேன்.

உப்பு

500 கிராமுக்குத் தூள் உப்பு ஒரு மட்டமான தேக்கரண்டி, அதாவது சுமார் 6 கிராம். எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடாமல் பிரிட்ஜில் வையுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம். இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு அந்தத் தண்ணீரே உப்போடு உள்ளே திரும்பிப் போகும். மேல்பக்கம் காய்ந்து வரும், அதுதான் சிவக்க உதவும்.

மாட்டிறைச்சிக்குப் போல பப்பாசிக்காய் அரைத்துத் தடவ வேண்டாம். ஏற்கனவே மெதுவான சதை, பப்பாசிக்காய் பட்டால் கூழாகிவிடும். தேசிக்காய்ச் சாற்றிலும் நெடுநேரம் ஊறவிடாதீர்கள். புளிப்பு மேல்சதையை வெளிறவைத்து மாவு போல ஆக்கும். புளிப்பு வேண்டுமென்றால் கடைசியில் சோஸில் சேர்க்கலாம். தேயிலைத் தூளை மேலே அப்பி ரோஸ்ட் செய்யும் ஒரு புது நாகரிகமும் இருக்கிறது. செய்து பார்த்தேன். தேயிலை குடிப்பதற்குத்தான்.

எத்தனை பாகையில் இறக்குவது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பொருளுக்குக் காசு செலவழிக்கச் சொல்வேன்: இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி.

பன்றியைச் சுண்டச் சுண்ட வேகவைக்கும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. ட்ரிக்கினெல்லா என்ற புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் உலகம் முழுக்கப் பயந்தார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களம்கூட நெடுங்காலம் 71 பாகை செல்சியஸ் என்றுதான் சொல்லி வந்தது. 2011 மே மாதம் முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கு அதை 63 பாகையாகக் குறைத்து, இறக்கிய பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்றது. அரைத்த இறைச்சிக்கு இன்றும் 71தான். 63இல் நடுப்பகுதி இலேசான ரோஸ் நிறத்தில் இருக்கும், சாறு நிற்கும். 71இல் வெள்ளையாகும், ஆனாலும் சாப்பிடலாம். 80ஐத் தாண்டினால் எங்கள் நத்தார்க் கயிறு.

ரோஸ் நிறத்தைப் பார்த்தாலே தட்டைத் தள்ளிவைக்கும் ஆட்கள் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அம்மா. அவரோடு வாதாடாமல் 68இல் இறக்கிவிடுவேன். ஆறும்போது 70ஐத் தொடும், ரோஸ் நிறம் போய்விடும், சோஸ் ஊற்றினால் யாருக்கும் வறட்சி தெரியாது. கர்ப்பிணிகள், நோயாளிகள் சாப்பிடுவதானாலும், எங்கே வளர்ந்தது என்று தெரியாத பன்றியானாலும் 71க்குக் குறைய வேண்டாம். காட்டுப்பன்றிக்கும் 63 கணக்கு பொருந்தாது. அதை நன்றாக வேகவைத்துக் கறியாக்குவதுதான் பாதுகாப்பு.

இனி மலைக்கே உரிய ஒரு சங்கதி. நுவரெலியாவில் இருக்கும் அக்காவுக்கு ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் போன் வந்தது. "தம்பி, இது பழுது. கொதிக்கிற தண்ணியில வச்சா 94தான் காட்டுது. 100 காட்டணும்னுதானே படிச்சோம்?" வெப்பமானி சரி, படித்ததும் சரி, படித்தது கடல் மட்டத்துக்கு. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீரும் முன்னாலேயே கொதித்துவிடுகிறது. சுமாராக 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதிக்கும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96 கிட்ட, கண்டியில் 98க்குச் சற்று மேல். எனவே மலையில் வெப்பமானியைக் கொதிநீரில் சோதிக்காதீர்கள். ஒரு கிளாஸ் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கலக்கி, நடுவில் முனையை வையுங்கள். 0 காட்ட வேண்டும். ஐஸ் உருகும் பாகை கொழும்பிலும் பீதுருதாலகால உச்சியிலும் ஒன்றேதான்.

உருளைக்கிழங்கும் பருப்பும் நமக்குச் சீக்கிரம் வேகாததற்கும், மலையில் குக்கர் இல்லாமல் காலம் தள்ள முடியாததற்கும் இதுவே காரணம். ஆனால் சட்டியின் சூட்டையும் எண்ணெயின் சூட்டையும் உயரம் தொடுவதில்லை. அதனால் வறுப்பதும் ரோஸ்ட் செய்வதும், அவிப்பதைப் போல மலையில் தடுமாறுவதில்லை.

குத்தும்போது தடித்த முனையிலிருந்து நீளவாக்கில் நடுவரை செலுத்துங்கள். குறுக்கே குத்தினால் முனை மறுபக்கம் போய்ச் சட்டிச் சூட்டைக் காட்டிவிடும். வெப்பமானியே இல்லையென்றால் மெல்லிய எஃகு ஊசியை நடுவில் குத்தி, பத்து விநாடி வைத்து எடுத்து, உதட்டுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ இருந்தால் போதாது; சட்டென்று கையை எடுக்கவைக்கும் சூடு வேண்டும். இது துல்லியமான முறை அல்ல. சந்தேகம் வந்தால் தடித்த இடத்தில் வெட்டிப் பார்த்துவிடுங்கள், அழகு கெட்டால் கெடட்டும்.

சட்டியில் சிவக்கவைத்து போறணையில் முடிப்பது

அவண் இருப்பவர்களுக்கு இதுதான் சிறந்த வழி. எங்கள் பெரியப்பா தோட்டத் துரை பங்களா ஒன்றில் அப்புவுக்கு (சமையற்காரருக்கு) உதவியாக இருந்தவர். அவர் கடைசிவரை அவண் என்று சொல்லவில்லை, போறணைதான். அவர் காலத்து விறகுப் போறணையில் சூடு காட்டும் முள் கிடையாது. தட்டில் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவி உள்ளே வைப்பாராம். ஐந்து நிமிடத்தில் மா பொன்னிறமானால் இறைச்சி உள்ளே போகும், கருகினால் கதவு கொஞ்ச நேரம் திறந்திருக்கும். முள் பொய் சொல்லும் பழைய மேசை அவண்களுக்கு இன்றும் இந்தச் சோதனை உதவும்.

போறணையை 200 பாகையில் வைத்துக் குறைந்தது 15 நிமிடம் சூடேற்றுங்கள். பில்லட்டை இன்னொரு தரம் துணியால் ஒற்றுங்கள். சமைப்பதற்கு அரைமணி முன் இறைச்சியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைக்கச் சொல்வார்கள். நம் குளிரில் அரைமணியில் அது பெரிதாகச் சூடேறப் போவதில்லை. நேராகச் சமையுங்கள், கடைசியில் மூன்று நான்கு நிமிடம் கூட்டினால் சரி.

கனமான சட்டி அல்லது இரும்பு பிரைபேனை நன்றாகச் சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடுவதால் மலையில் அது போத்தலுக்குள் மெழுகாகவே நிற்கும். போத்தலை வெந்நீரில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். மணமுள்ள சாதாரண தேங்காயெண்ணெய் சீக்கிரம் புகையும். சிவக்கவைக்கும் வேலைக்கு சுத்திகரித்த வெள்ளைத் தேங்காயெண்ணெய் தேவலை.

எண்ணெயில் அலை ஓடும்போது பில்லட்டைப் போடுங்கள். போட்டதும் "சொய்ய்" என்ற சத்தம் வரவேண்டும். வராவிட்டால் எடுத்துவிட்டு இன்னும் சூடாக்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், நாலு பக்கமும். போட்டவுடன் புரட்டப் பார்த்தால் ஒட்டும். சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். கடைசி நிமிடத்தில் தட்டிய பூண்டு நான்கு பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி பட்டர் போட்டு, சட்டியைச் சாய்த்து அந்த நெய்யைக் கரண்டியால் மேலே ஊற்றுங்கள். இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டியையும் இப்போதுதான் தடவ வேண்டும். ஆரம்பத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும். வறுத்த கறித்தூள் இன்னும் மோசம், அதைச் சோஸுக்கு வையுங்கள்.

பிறகு போறணைக்குள். 450 கிராம் பில்லட்டுக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும், ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே குத்திப் பாருங்கள். கித்துள் பாணியோ தேனோ தடவ ஆசையென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு மேசைக்கரண்டி. அதற்கு முன் தடவினால் கரிதான் மிஞ்சும். 60 காட்டியதும் வெளியே எடுத்துவிடுங்கள். மேல்சூடு உள்ளே இறங்கி ஆறும்போது மூன்று நான்கு பாகை ஏறி 63ஐத் தாண்டிக்கொள்ளும். தாண்டியதா என்பதை வெட்டுமுன் குத்திப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். 

கூடவே உருளைக்கிழங்கும் கரட்டும் ரோஸ்ட் செய்ய நினைத்தால் அவற்றை இறைச்சிக்கு அரைமணி முன்பே உள்ளே வைக்க வேண்டும். உருளைக்கிழங்கு சிவக்க 40, 45 நிமிடம் ஆகும். பில்லட் அதுவரை காத்திருந்தால் பாழ். லீக்ஸை இறைச்சியோடு போட்டால் போதும்.

ஆறவிடுவது

எட்டுப் பத்து நிமிடம் வெட்டாமல் வைத்திருக்க வேண்டும். சூட்டோடு வெட்டினால் சாறு பலகையில் குளமாக நிற்கும். கொழும்பில் இறைச்சியைச் சும்மா மேசையில் வைத்தாலே போதும். நம் பக்கத்தில் சில்லிட்ட எவர்சில்வர் தட்டிலோ சிமெந்து மேடையிலோ வைத்தால், ஏற வேண்டிய நான்கு பாகை ஏறாது, சாப்பிடும்போது ஆறிப்போயும் இருக்கும். மரப்பலகையில் வைத்து, ஃபொயில் தாளால் தளர்வாக மூடுங்கள். இறுக்கிச் சுற்றினால் மேல்பக்கம் வியர்த்து ஊறிவிடும். பரிமாறும் பீங்கான் தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து வையுங்கள். அந்தச் சின்ன வேலையை விருந்தாளி கட்டாயம் கவனிப்பார்.

போறணை இல்லாத வீட்டில்

பெரும்பாலான லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அவண் இல்லை. எனக்கும் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. சட்டி மட்டுமே போதும். மேலே சொன்னபடி நாலு பக்கமும் சிவக்கவைத்து, அடுப்பை நன்றாகக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்தபடி வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் புரட்டிக்கொண்டே 10 முதல் 14 நிமிடம். மூடியை இறுக்கி மூடினால் நீராவி இறங்கிச் சிவந்த மேல்பக்கம் நனைந்துவிடும். தண்ணீர் விட வேண்டாம்.

விறகடுப்பு என்றால் அப்பம் சுடும் பழைய யுத்தி இருக்கிறது: கீழே நெருப்பு, மூடிமேல் நெருப்பு. கனமான அலுமினியச் சட்டியில் பில்லட்டைச் சிவக்கவைத்து, அடியில் நாலு பெரிய வெங்காயத் துண்டுகளைப் பரப்பி அதன்மேல் இறைச்சியை ஏற்றுங்கள். தட்டையான தகர மூடி போட்டு, மேலே ஒரு கரண்டித் தணல் பரப்புங்கள். கீழே தணல் கொஞ்சமாக இருக்கட்டும். பதினைந்து நிமிடத்தில் போறணைக்குச் சமமாக வரும், வெங்காயமும் வெந்து இனிக்கும். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த சுள்ளி) குப்பென்று பிடித்துச் சீக்கிரம் அடங்குவதால் சிவக்கவைக்க நல்லது. நின்று எரியும் தணலுக்கு மொத்த விறகு வேண்டும். பைன், சைப்பிரஸ் விறகு வேண்டாம். பிசின் புகை இறைச்சியில் ஏறிக் கசக்கும். 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் டவுன் வீடுகளிலும் இப்படித்தான் சமையல் நடந்தது. பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

லயத்தில் சுவர் ஒன்று, வாசனை எல்லாருக்கும். பக்கத்து வீட்டில் பன்றி புழங்காதவர்கள் இருந்தால் சட்டியையும் பலகையையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வீட்டில் விரதம் நடக்கும் நாளில் செய்யாதீர்கள். எங்கள் பாட்டி பன்றியை வீட்டு அடுப்பில் ஏற்றவே விட்டதில்லை. கொல்லையில் மூன்று கல் வைத்துத்தான்.

சட்டியில் ஒட்டியிருப்பதைக் கழுவாதீர்கள்

சட்டி அடியில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கிறதே, ருசி முழுக்க அதில்தான். இறைச்சி ஆறும் நேரத்தில் சோஸ் ஆகிவிடும். எண்ணெய் அதிகமிருந்தால் வடித்துவிட்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறு, ஒரு துண்டு ரம்பை, சின்னத் துண்டு கறுவாப்பட்டை போட்டு வதக்குங்கள். அரைத் தேக்கரண்டி வறுத்த கறித்தூள் போட்டு அரை நிமிடம் கிளறி, அரைக் கப் வெந்நீர் ஊற்றி, அகப்பையால் அடியைச் சுரண்டுங்கள். வெந்நீரில் ஊறவைத்து அரைத்த கொறக்கா அரைத் தேக்கரண்டி சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாதியாக வற்றியதும் கட்டித் தேங்காய்ப் பால் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, கொதி வருமுன் இறக்குங்கள். பலகையில் வடிந்திருக்கும் சாற்றையும் இதிலேயே ஊற்றிவிடுங்கள். எங்கள் பன்றிக் கறியின் மணம் அப்படியே வரும். வேகாமல் கெட்டுப்போன கறி என்று அம்மா சந்தேகப்படாமல் சாப்பிடுவதற்கு இந்தச் சோஸ்தான் காரணம்.

டெவல்

அவசரத்துக்கு, அல்லது நாலுபேர் திடீரென்று வந்து நிற்கும்போது. 400 கிராம் பில்லட்டை நாருக்குக் குறுக்கே ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி சோளமா, அரைத் தேக்கரண்டி மிளகு போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். சோளமா மெல்லிய உறை போலப் படிந்து சாற்றைக் காக்கும். அடுப்பு முழு வேகத்தில் எரிய வேண்டும். இறைச்சியை இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வைத்து, ஒரு துண்டை வெட்டிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

அதே சட்டியில் சதுரமாக வெட்டிய பெரிய வெங்காயம், கறிமிளகாய், ஒரு தக்காளி, இடித்த காய்ந்த மிளகாய் ஒரு தேக்கரண்டி. காய்கள் மொறுமொறுப்பாக இருக்கும்போதே தக்காளி சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் சீனி, ஒரு சொட்டு வினாகிரி. கொதித்ததும் இறைச்சியைத் திரும்பப் போட்டு முப்பது விநாடி புரட்டி இறக்குங்கள். டெவலில் நிறையப் பேர் சறுக்குவது கடைசியில் இப்படி "இன்னும் கொஞ்சம்" என்று சட்டியில் விட்டு வைப்பதில்தான்.

மிஞ்சினால்

இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். முழுத்துண்டாகவே வையுங்கள், வெட்டி வைத்தால் காயும். திரும்பச் சூடாக்கினால் கயிறாகப் போகும் என்பதால் நான் சூடாக்குவதே இல்லை. காலையில் குளிர்ந்தபடியே காகிதம் போல மெல்லிசாகச் சீவி, கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்த கோதுமை ரொட்டிக்குள் தேங்காய்ச் சம்பலோடு மடித்துவிடுவேன். ரொட்டிச் சூடே இறைச்சிக்குப் போதும். போன தடவை ஞாயிறு ரோஸ்ட்டைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை ரொட்டிக்கென்று ஒரு துண்டை ஒளித்து வைத்தது வேறு யாருமில்லை, அம்மாதான்.